சொந்த இலைக்குச் சொந்தத் தொழிற்சாலை என்ன விலை தருவது?

நீலகிரியில் தேயிலை வைத்திருப்பவர்கள் பலவகை. பசுந்தேயிலையைப் பறித்து வெளியாரின் தொழிற்சாலைக்கு எடை போட்டுக் கொடுத்துவிடும் சிறு விவசாயிகள் ஒரு வகை. பறித்த இலையைத் தங்கள் எஸ்டேட் தொழிற்சாலையிலேயே தூளாக்கிக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புவோர் இன்னொரு வகை. கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினராக இருந்து, இலை கொடுப்பவராகவும் ஆலைக்குச் சொந்தக்காரராகவும் ஒரே நேரத்தில் இருப்பவர்கள் மூன்றாவது வகை.

முதல் வகையினருக்கு இலை விலை என்பது கையில் வாங்கும் பணம். இரண்டாவது வகையினருக்கு அது கணக்கேட்டில் எழுதப்படும் எண் மட்டுமே. தோட்டத்துக் கணக்கில் வரவு, தொழிற்சாலைக் கணக்கில் செலவு. பணம் எங்கும் கைமாறுவதில்லை. "ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதுதானே, எந்த எண்ணை எழுதினால் என்ன?" என்று கேட்போர் உண்டு. எந்த எண்ணை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து எந்த இலையைப் பறிப்பது, எந்தத் தோட்டத்தைக் கைவிடுவது, யாருக்கு எவ்வளவு வரி, யாருக்கு எவ்வளவு போனஸ் என்பதெல்லாம் மாறிவிடுகிறது. மூன்றாவது வகையினருக்கோ இது வயிற்றுப்பாட்டையே தொடுகிற விஷயம்.

ஒரே நிறுவனத்தின் ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குப் பொருள் கொடுக்கும்போது போடப்படும் விலையைக் கணக்காளர்கள் டிரான்ஸ்பர் பிரைஸ் என்பார்கள். நாம் இங்கே அதை உள்விலை என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு கணக்கு

கணக்குக்காக ஓர் எஸ்டேட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 லட்சம் கிலோ பசுந்தேயிலை. நூறு கிலோ இலைக்கு 25 கிலோ தூள் என்ற வீதத்தில் ஒரு லட்சம் கிலோ தூள். கிலோ 130 ரூபாய் வீதம் விற்று 130 லட்சம் ரூபாய் வருகிறது. பறிப்புக் கூலி, உரம், மருந்து, கவ்வாத்து எல்லாம் சேர்த்துத் தோட்டத்துக்குக் கிலோ இலைக்கு 16 ரூபாய் வீதம் 64 லட்சம் செலவு. தொழிற்சாலையில் கிலோ தூளுக்கு 40 ரூபாய் வீதம் 40 லட்சம் செலவு. மொத்த இலாபம் 26 லட்சம்.

இப்போது உள்விலையைப் போட்டுப் பாருங்கள். கிலோ இலைக்கு 16 ரூபாய் என்று அடக்கவிலையையே எழுதினால் தோட்டத்துக்கு இலாபம் சுழி. 26 லட்சமும் தொழிற்சாலை சம்பாதித்ததாகத் தெரியும். 20 ரூபாய் என்று எழுதினால் தோட்டத்துக்கு 16 லட்சம், தொழிற்சாலைக்கு 10 லட்சம். 24 ரூபாய் என்று எழுதினால் தோட்டத்துக்கு 32 லட்சம் இலாபம், தொழிற்சாலைக்கு 6 லட்சம் நஷ்டம். மொத்தம் எல்லாவற்றிலும் அதே 26 லட்சம்தான்.

மொத்தம் மாறாதபோது கவலை எதற்கு என்பீர்கள். தோட்டத்தைப் பார்ப்பவர் ஒருவர், தொழிற்சாலையைப் பார்ப்பவர் வேறொருவர் என்று ஆனவுடன் கவலை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொருவரும் தம் கணக்கில் இலாபம் காட்டவே பார்ப்பார். அதில் தவறில்லை, அதற்குத்தானே சம்பளம். ஆனால் உள்விலை கோணலாக இருந்தால் அவர் தம் பிரிவுக்குச் செய்யும் நன்மை எஸ்டேட்டுக்குக் கேடாக முடியும்.

மேற்படி எஸ்டேட்டில் உள்விலை 20 ரூபாய், தரம் எதுவானாலும் எடைக்கு மட்டும் காசு என்று வைத்துவிட்டார்கள் என்போம். தோட்டத்து அதிகாரி என்ன செய்வார்? பறிப்புச் சுற்றை நீட்டுவார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது மூன்று, நான்கு இலை என்றாகும். முற்றிய இலையும் கூடையில் விழும். 4 லட்சம் கிலோ 5 லட்சமாகிறது. கூடுதல் ஒரு லட்சம் கிலோவுக்குப் பறிப்புச் செலவு 6 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தின் வரவு 100 லட்சம், செலவு 70 லட்சம், இலாபம் 30 லட்சம். சென்ற ஆண்டு 16 லட்சம். இந்த ஆண்டு 30 லட்சம். தோட்டத்து அதிகாரிக்கு மாலை மரியாதை.

தொழிற்சாலையைப் பாருங்கள். முற்றிய இலையில் நாரும் காம்பும் கலந்து தூள் 130 ரூபாய்க்குப் போகாமல் 105 ரூபாய்க்குத்தான் போகிறது. 1 லட்சத்து 25 ஆயிரம் கிலோ தூளுக்கு வரவு 131.25 லட்சம். இலைக்கு 100 லட்சம், தயாரிப்புக்கு 50 லட்சம் போக 18.75 லட்சம் நஷ்டம். எஸ்டேட்டின் மொத்த இலாபம் 26 லட்சத்திலிருந்து 11.25 லட்சமாக விழுந்துவிட்டது. தோட்டம் 14 லட்சம் கூடுதலாகச் சம்பாதித்ததாகக் கணக்கு காட்டிய அதே ஆண்டில் முதலாளிக்கு ஏறக்குறைய 15 லட்சம் போய்விட்டது. தூள் விலை இறங்கியதற்குச் சந்தையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எடைக்கு மட்டும் விலை போடும் உள்விலை கொழுந்தின் எதிரி. இதை நான் எந்தக் கூட்டத்திலும் தயங்காமல் சொல்வேன்.

சந்தை விலையா, அடக்க விலையா?

1956ஆம் ஆண்டில் ஜாக் ஹர்ஷ்லைஃபர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இந்தக் கேள்வியை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்ட முடிவு எளிமையானது. பொருளுக்கு வெளியே உண்மையான போட்டிச் சந்தை இருந்தால் உள்விலையும் அந்தச் சந்தை விலையாகவே இருக்க வேண்டும். அப்படிச் சந்தை இல்லாவிட்டால், கடைசியாகக் கூடுதலாக உண்டாக்கும் ஒரு கிலோவுக்கு ஆகும் செலவே உள்விலையாக இருக்க வேண்டும். இதைத்தான் இறுதிநிலைச் செலவு என்று பாடப்புத்தகங்கள் கூறும்.

நீலகிரியில் இன்று பசுந்தேயிலைக்கு வெளிச் சந்தை இருக்கிறது. சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் தனியார் தொழிற்சாலைகள் ஏராளம். ஆகவே எஸ்டேட்டுக்காரர் தம் இலையின் உள்விலையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து ஊர் விவசாயியிடம் இதே வாரம், இதே தரத்து இலைக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று பார்த்தால் போதும். அதிலும் சில கழிவுகளைப் பார்க்க வேண்டும். வெளி இலைக்கு ஏஜெண்டு கமிஷன் உண்டு, வண்டிச் சத்தம் உண்டு, மழை நாளில் ஈரத்துக்காக எடைக் கழிவு உண்டு. சொந்த இலைக்கு இவற்றில் சில இல்லை. எந்தச் செலவு மிச்சமாகிறதோ அதை இரு பிரிவும் பங்கிட்டுக்கொள்வது நியாயம்.

ஒரே விலையை ஆண்டு முழுவதும் வைத்திருப்பதும் சரியல்ல. வரத்து மிகுந்த மாதங்களில் வாட்டும் தொட்டிகள் நிரம்பி வழியும். அப்போது கூடுதலாக வரும் ஒரு கூடை இலை தொழிற்சாலைக்குச் சுமைதான். பனிக்காலத்திலோ, டிசம்பர் ஜனவரியில் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் உறைபனியில் கருகி, இயந்திரங்கள் பாதி நேரம் சும்மா நிற்கும். கூலியும் மின்கட்டணத்தின் நிலைப்பகுதியும் நிற்பதில்லை. அப்போது ஒவ்வொரு கிலோ இலையும் அருமை. இரண்டு காலத்துக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்துவிட்டு, பனிக்காலத்தில் மேட்டு நிலத் தோட்டத்தைப் பறிக்காமல் விடுவது இலாபமா நஷ்டமா என்று முடிவெடுக்க முற்பட்டால் முடிவு பிழைபடும்.

வருமான வரிக்காரர் கேட்ட அதே கேள்வி

இந்தக் கேள்வியை நம் நாட்டில் முதலில் தீவிரமாகக் கேட்டது வருமான வரித் துறைதான். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. தொழில் வருமானத்துக்கு உண்டு. தேயிலை பயிராக்குவது விவசாயம், தூளாக்குவது தொழில். இரண்டையும் ஒரே கம்பெனி செய்தால் வந்த இலாபத்தில் எது எவ்வளவு?

கில்லிங் வேலி தேயிலைக் கம்பெனி என்ற நிறுவனத்தின் வழக்கில் 1920இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிற்று. இலை பறிக்கும் வரை விவசாயம். அதன்பின் இயந்திரங்களில் தூளாக்கும் கட்டம் தொழில். ஆகவே வருமானம் இரண்டின் கலவை என்று தீர்ப்பானது. அன்றைய எஸ்டேட்டுகள் சொந்த இலையைச் சொந்தத் தொழிற்சாலையிலேயே அரைத்தன. பசுந்தேயிலைக்கு வெளியே ஒரு விலை சொல்ல வேண்டும் என்றால் பெரும்பாலான இடங்களில் சந்தையே இல்லை. ஆகவே பின்னர் வந்த விதிகள் விலையைத் தேடும் வேலையையே விட்டுவிட்டு ஒரு விகிதத்தைப் போட்டுவிட்டன. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 8ஆம் விதி அதுதான்: தானே பயிரிட்டுத் தானே தயாரித்து விற்கும் தேயிலையின் வருமானத்தில் 40 சதவீதம் தொழில் வருமானம், 60 சதவீதம் விவசாய வருமானம். ரப்பருக்கு 35 சதவீதம், பதப்படுத்திய காப்பிக்கு 25 சதவீதம், வறுத்து அரைத்த காப்பிக்கு 40 சதவீதம் என்று பின்னால் தனித்தனி விதிகள் வந்தன.

மற்ற விளைபொருள்களுக்கு 7ஆம் விதி. இதைப் படித்தால் உள்விலைப் பாடம் முழுவதும் அதிலேயே இருப்பது தெரியும். சொந்த விளைச்சலைத் தன் தொழிலுக்கு மூலப்பொருளாகப் பயன்படுத்தினால், அந்தப் பொருள் வழக்கமாகச் சந்தையில் விற்கப்படுவதாக இருந்தால் சந்தைச் சராசரி விலையை எழுத வேண்டும். சந்தையில் அப்படியே விற்கப்படாத பொருளாக இருந்தால் சாகுபடிச் செலவு, நிலவரி அல்லது குத்தகை, அதன்மேல் நியாயமான இலாபம் இவற்றைக் கூட்டி எழுத வேண்டும். முதலில் சந்தை விலை, அது இல்லாதபோது அடக்கமும் இலாபமும். விதி எழுதியவர்கள் பொருளாதார நூல் படித்துவிட்டு எழுதினார்களோ இல்லையோ, விவசாயிக்குப் புரிகிற வரிசையில் எழுதியிருக்கிறார்கள்.

எஸ்டேட் தொழிற்சாலை சொந்த இலையோடு வெளி இலையும் வாங்கி அரைக்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 60:40 சலுகை தானே பயிரிட்ட இலைக்கு மட்டுமே. வாங்கிய இலையிலிருந்து வரும் இலாபம் முழுவதும் தொழில் இலாபம். சொந்த இலைப் பதிவேடும் வெளி இலைப் பதிவேடும் தனித்தனியாக, அன்றன்றைக்கு, தொட்டி எண்ணோடு எழுதப்பட்டிருந்தால்தான் எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும். இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டு ஆண்டு இறுதியில் உத்தேசமாகப் பிரிப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

கம்பெனி பெரிதாகி வெளிநாட்டிலும் கிளை வைத்தால் இந்தக் கேள்வி நாட்டின் எல்லையைத் தாண்டுகிறது. இங்குள்ள கம்பெனி தன் சொந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குறைந்த விலையில் தூளை அனுப்பினால் இலாபம் அங்கே போய்விடும். இங்கே வரி குறையும். டாட்டா தேயிலைக் கம்பெனி 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெட்லியை வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். இப்படி ஒரே குடும்பத்துக் கம்பெனிகள் பல நாடுகளில் இருப்பது பெருகியதால், 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டம், உறவுக் கம்பெனிகளுக்கிடையே நடக்கும் சர்வதேச விற்பனைகளை அன்னியர் இருவர் பேரம் பேசினால் என்ன விலை வருமோ அந்த விலையில்தான் கணக்கிட வேண்டும் என்று விரிவான விதிகளைக் கொண்டுவந்தது. தேயிலைக்குப் பொது ஏலம் என்று ஒன்று இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி. அதே வாரம், அதே ரகம் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பது எழுத்தில் இருக்கிறது.

விறகும் ஒரு சரக்குதான்

இலைக்கு உள்விலை போடும் எஸ்டேட்டுகள்கூட விறகை மறந்துவிடுகின்றன. உலர்த்தும் அடுப்புக்கு எஸ்டேட்டிலேயே வளர்ந்த கற்பூர மரத்தை வெட்டிப் போடுகிறார்கள். கணக்கில் வெட்டுக் கூலியும் ஏற்றுக் கூலியும் மட்டும் ஏறுகிறது. மரத்துக்கு விலை இல்லை.

கிலோ தூளுக்கு ஒன்றரைக் கிலோ விறகு என்று வைத்துக்கொண்டால் நம் உதாரண எஸ்டேட்டுக்கு ஆண்டுக்கு 150 டன் வேண்டும். வெளியே டன் 4,000 ரூபாய்க்கு விற்கக்கூடிய விறகு என்றால் 6 லட்சம் ரூபாய்ப் பொருள் இலவசமாக எரிகிறது. விளைவு என்ன? அடுப்பில் கசிவு இருக்கிறதா, விறகு காய்ந்த பிறகு போடுகிறார்களா, பச்சையாகப் போட்டுப் புகையடிக்கிறார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. புது அடுப்புக்கு ஒரு திட்டம் வந்தால் "மிச்சமாவது வெட்டுக் கூலிதானே, கட்டுப்படியாகாது" என்று தள்ளிவிடுகிறார்கள். மரம் நட்ட நிலமும் தரிசைப் போல மதிக்கப்படுகிறது.

உச்சநீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கு இதற்குப் பொருத்தமானது. ஜிண்டால் உருக்குக் கம்பெனி தன் ஆலைக்குத் தானே மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டது. மின்பிரிவு ஆலைக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு என்ன விலை எழுதுவது? மின்வாரியம் ஆலைகளுக்கு விற்கும் விலையான யூனிட் 3 ரூபாய் 72 காசு என்று கம்பெனி எழுதிற்று. உபரி மின்சாரத்தை மின்வாரியம் கம்பெனியிடம் வாங்கும் விலை 2 ரூபாய் 32 காசுதானே, அதையே எழுத வேண்டும் என்றது வரித் துறை. 2023 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. வாரியத்துக்குத்தான் உபரியை விற்க முடியும் என்ற நிர்ப்பந்தத்தில் கிடைக்கும் விலை சந்தை விலை ஆகாது. ஆலை வெளியே வாங்கியிருந்தால் என்ன கொடுத்திருக்குமோ அதுவே சந்தை விலை என்பது தீர்ப்பின் சாரம்.

விறகுக்கும் அப்படியே. வெளியே வாங்கினால் தொழிற்சாலை வாசலில் என்ன விலையோ அதை எழுதுங்கள். நாற்றங்கால் செடி, மாட்டுத் தொழுவத்துச் சாணம், தேயிலையோடு ஊடே நிற்கும் சில்வர் ஓக் மரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கூட்டுறவில் உறுப்பினரின் இலை

கோத்தகிரிப் பக்கம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் வயதான விவசாயி ஒருவர் கேட்டார்: "ஐயா, தொழிற்சாலை எங்களுடையது. இலையும் எங்களுடையது. எங்கள் இலையை நாங்களே வாங்குவதற்கு விலை எதற்கு?" கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியது அல்ல. கூட்டுறவின் சிக்கல் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

நீலகிரியில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் 1960களில் வேரூன்றின. அவற்றின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வ் 1965இல் அமைந்தது. கட்டபெட்டு, மஞ்சூர், இத்தலார், பிக்கட்டி, மகாலிங்கா, கிண்ணக்கொரை, எடக்காடு, பந்தலூர் என்று மலை முழுதும் இருக்கும் இந்தத் தொழிற்சாலைகள் பல்லாயிரம் சிறு விவசாயிகளுக்குச் சொந்தம். இங்கே உறுப்பினருக்குக் கொடுக்கும் இலை விலை உண்மையில் ஓர் உள்விலைதான்.

எல்லா உறுப்பினரும் தங்கள் இலை முழுவதையும் தங்கள் தொழிற்சாலைக்கே கொடுத்து, ஆண்டு இறுதியில் மிச்சத்தை இலை எடைக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொண்டால், பெரியவர் கேட்டது சரி. இடையில் என்ன விலை போட்டாலும் முடிவில் கைக்கு வருவது ஒன்றே. ஆனால் நடைமுறை அப்படி இல்லை. விலையைத் தாழ்த்தி வைத்தால் உறுப்பினர் தம் இலையில் பாதியை ஏஜெண்டிடம் தள்ளிவிடுகிறார். தொழிற்சாலைக்கு வரத்துக் குறைந்து, கிலோவுக்கான தயாரிப்புச் செலவு ஏறி, அடுத்த மாதம் இன்னும் தாழ்ந்த விலையே கொடுக்க முடிகிறது. விலையை உயர்த்தி வைத்தாலோ, தூள் விற்ற பணம் போதாமல் தொழிற்சாலை கடன்படுகிறது, நிலுவை விழுகிறது. இலை கொடுத்துவிட்டுப் பணத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பது உயர்ந்த விலை ஆகாது.

நடுவழி என்னவென்றால், மாதாமாதம் சற்று அடக்கமான முன்பணம், பிறகு தூள் விற்பனைக் கணக்கு முடிந்ததும் இறுதித் தீர்வு. இரண்டாவது தவணைதான் உறுப்பினரைச் சொந்தக்காரர் ஆக்குகிறது. அந்தத் தவணையில் மட்டுமாவது தரத்துக்கு வித்தியாசம் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. எல்லோருக்கும் சராசரி என்று வைத்தால் பதமாகப் பறித்தவரின் காசு முற்றிய இலை கொடுத்தவருக்குப் போகிறது. உறுப்பினர்களுக்கிடையே மனத்தாங்கல் வரும் என்று நிர்வாகக் குழுக்கள் இதைத் தள்ளிப்போடுகின்றன. மனத்தாங்கல் இப்போதும் இருக்கிறது; பதமாகப் பறிப்பவரிடம் இருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. கூட்டமைப்பு உறுப்பினர் தொழிற்சாலைகளிடமிருந்து தூள் எடுத்து, கலந்து, பொட்டலமிட்டு ஊட்டி டீ என்ற பெயரில் நியாய விலைக் கடைகள் வழியாக விற்கிறது. தொழிற்சாலையிலிருந்து கூட்டமைப்புக்குப் போகும் தூளின் விலையும் ஓர் உள்விலை. அது ஏல விலையைவிடத் தாழ்ந்திருந்தால், அந்த வித்தியாசம் இலை விலை வழியாக விவசாயியின் பையிலிருந்துதான் வருகிறது. உயர்ந்திருந்தால் அது விவசாயிக்கு உதவி. எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே வாரத்தில் அதே ரகத்துக்குக் குன்னூரில் கிடைத்த ஏல விலையோடு ஒப்பிடுவது. ஒப்பிடும்போது ஏலத்துக்குப் போனால் ஆகும் தரகு, கிடங்கு வாடகை, மாதிரித் தூள் இவற்றைக் கழித்துவிட வேண்டும். கூட்டமைப்புக்குக் கொடுக்கும்போது இந்தச் செலவு இல்லை அல்லவா? பணம் எத்தனை நாளில் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுக்குழுவில் இந்த ஒப்பீட்டை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள் என்று கேட்பது உறுப்பினரின் உரிமை.

65க்கு 35

1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்து சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்த காலம் நீலகிரியில் யாருக்கும் மறக்காது. தூள் விலை ஏறினாலும் இறங்கினாலும் இலைக்குத் தங்கள் இஷ்டத்துக்கு விலை போடுகிறார்கள் என்பது அப்போது எழுந்த குரல். 2003ஆம் ஆண்டுத் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை இதற்கு ஒரு வழி செய்தது. அதன் 30ஆவது பத்தி, வாங்கும் இலைக்கு விலைப் பங்கீட்டுச் சூத்திரப்படி விலை கொடுக்க வேண்டும் என்கிறது. தேயிலை வாரியம் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற பங்கீட்டைக் கொண்டு, நீலகிரிக்கு மாதாமாதம் பசுந்தேயிலையின் சராசரி விலையை அறிவிக்கிறது.

கணக்கு கடினமில்லை. தூளின் ஏலச் சராசரி 130 ரூபாய் என்றால் அதில் 65 சதவீதம் 84 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோ இலை என்றால் நான்கால் வகுக்க, கிலோ இலைக்கு 21 ரூபாய் 12 காசு. இலைக்குத் தூள் நூற்றுக்கு 25 இல்லாமல் 23தான் என்று கணக்கு வைத்தால் 19 ரூபாய் 43 காசுதான் வரும். ஆகவே பங்கீட்டு விகிதத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, எத்தனை இலைக்கு எத்தனை தூள் என்ற எண்ணைப் பற்றியும் பேச வேண்டும். சங்கக் கூட்டங்களில் முதலாவதைப் பற்றிப் பேச்சு அதிகம். இரண்டாவதைப் பற்றிக் குறைவு.

இலங்கையிலும் சிற்றுடைமையாளர்களுக்கு இதே போன்ற பங்கீடு இருந்து வருகிறது; அங்கே 68க்கு 32. நம் மாநிலத்தில் கரும்புக்கு 2018இல் வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு ஒரு சட்டம் வந்தது. அதற்கு அடிப்படையான ரங்கராஜன் குழு 2012இல், சர்க்கரை வருவாயை மட்டும் கணக்கிட்டால் 75 சதவீதமும், சக்கை, மொலாசஸ் போன்ற உபபொருள்களையும் சேர்த்தால் 70 சதவீதமும் கரும்பு விவசாயிக்கு என்று பரிந்துரைத்தது. அங்கேயும் உள்விலை வாசலில் நிற்கிறது. ஆலை தன் மொலாசஸைத் தன் சாராய ஆலைக்கே கொடுத்தால், அதற்கு எழுதும் விலை கரும்புக்காரரின் பங்கைத் தொடுமல்லவா?

பங்கீட்டுச் சூத்திரம் முன்னே சொன்ன நோய்க்கு மருந்தாகுமா? நம் உதாரண எஸ்டேட்டில் 20 ரூபாய் என்ற நிலையான விலைக்குப் பதில் சூத்திரத்தைப் போட்டுப் பார்ப்போம். நல்ல கொழுந்து பறித்த ஆண்டில் 130 ரூபாய்த் தூளுக்குத் தோட்டத்துக்கு 20.5 லட்சம் இலாபம். முற்றிய இலையைப் பறித்துத் தூள் 105 ரூபாய்க்கு விழுந்தால் கிலோ இலைக்கு 17 ரூபாய் 6 காசு. 5 லட்சம் கிலோ பறித்தும் தோட்டத்தின் இலாபம் 15.3 லட்சமாகக் குறைகிறது. தோட்டத்து அதிகாரி அடுத்த மாதமே பறிப்புச் சுற்றைக் குறைத்துவிடுவார். எஸ்டேட்டுக்குள் சூத்திரம் நன்றாகவே வேலை செய்கிறது.

சிறு விவசாயியிடம் அப்படி வேலை செய்வதில்லை. மாவட்டச் சராசரியில் ஒரு ஏக்கர்காரரின் இலை கடலில் ஒரு துளி. அவர் ஒருவர் பதமாகப் பறித்தால் சராசரி ஏறப்போவதில்லை. அவர் ஒருவர் முற்றவிட்டால் இறங்கப்போவதும் இல்லை. எடை மட்டும் கூடும். ஆகவே ஒவ்வொருவரும் எடைக்கே பறிக்கிறார்கள்; எல்லோருமாகச் சேர்ந்து நீலகிரித் தூளின் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு விவசாயியைத் திட்டிப் பயனில்லை. வாரியத்தின் சராசரி விலையைத் தரைமட்டமாக வைத்து, அதன்மேல் கொழுந்தின் விகிதத்துக்குத் தக்கபடி கிலோவுக்கு இத்தனை என்று தொழிற்சாலை வாசலிலேயே கூடுதல் கொடுத்தால்தான் கைகள் மாறும். தரம் பார்த்துக் கூடுதல் கொடுக்கும் தொழிற்சாலைகள் சில இருக்கின்றன. போதுமான அளவில் இல்லை.

சராசரி விலை சாகுபடிச் செலவையே ஈடுசெய்வதில்லை என்பது வேறொரு வழக்கு. 2023 செப்டம்பரில் படுக இன விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது அதற்காகத்தான். எந்தப் பங்கீடும் இருக்கிற தொகையைத்தான் பிரித்துக் கொடுக்கும். தூள் விலை தாழ்ந்திருக்கும்போது 65 என்பதை 70 ஆக்கினாலும் நம் 130 ரூபாய்க் கணக்கில் கிலோ இலைக்குக் கூடுவது ஒரு ரூபாய் 62 காசுதான். விவசாயிக்கு அதுவும் பெரிதுதான் என்றாலும் தொழிற்சாலைக்கு அது கிலோ தூளுக்கு ஆறரை ரூபாய்.

செய்ய வேண்டியவை

பத்துப் பதினைந்து விவசாயிகள் சேர்ந்து சிறு தொழிற்சாலை தொடங்கவோ, உற்பத்தியாளர் கம்பெனி வைத்துப் பச்சைத் தேயிலை, ஆர்த்தோடாக்ஸ் போன்ற தனி ரகங்கள் செய்யவோ முற்படும் இந்நாளில், முதல் நாளே உள்விலையை எழுத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது. தனி ரகத்துக்கு வாரியத்தின் சராசரி பொருந்தாது. அது பெரும்பாலும் சி.டி.சி. தூளின் விலையை ஒட்டியது. இலைக்கு அந்தச் சராசரியும், மென்கொழுந்துக்காகப் பறிப்பில் ஆகும் கூடுதல் கூலியும் சேர்த்து உடனடி விலையாகக் கொடுத்துவிட்டு, தனி ரகத்தின் இலாபத்தைப் பிறகு பங்கிடுங்கள். இலை விலையிலேயே இலாபத்தை முழுவதும் ஏற்றிக் கொடுத்துவிட்டால் இயந்திரம் பழுதுபார்க்கவும் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவும் கம்பெனியில் பணம் இராது.

எஸ்டேட்டுக்காரர்கள் தோட்டத்து எடையையும் தொழிற்சாலை வாசல் எடையையும் தனித்தனியே பதிய வேண்டும். வழியில் ஈரம் காய்வதாலும் சிந்துவதாலும் குறையும் எடை யார் கணக்கில் என்பதை முன்னரே பேசி வையுங்கள். பெரும்பாலான உள்சண்டைகள் விலையில் தொடங்குவதில்லை, இந்த எடையில்தான் தொடங்குகின்றன. நாள்தோறும் நூறு கிராம் மாதிரி எடுத்து, மென்கொழுந்து எவ்வளவு, முற்றியது எவ்வளவு என்று பிரித்து எடை போட ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும்.

கூட்டுறவு உறுப்பினர்களும் வெளியே இலை கொடுப்பவர்களும் ஒவ்வொரு முறையும் எடைச் சீட்டு வாங்கி, மாதக் கடைசியில் மொத்த எடை, கழிவு, கிடைத்த தொகை மூன்றையும் எழுதி, தொகையைக் கழிவுக்கு முந்தைய எடையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்தான் உங்கள் இலையின் உண்மையான விலை. அதைக் குன்னூர் தேயிலை வாரிய அலுவலகம் அந்த மாதத்துக்கு அறிவித்த விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாத எண்கள் கையில் இருந்தால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.